லைபோசக்ஷன்: சின்னத் தழும்புக்குக் கீழே இருக்கும் பெரிய காயம்

தோலுக்கு அடியில் குழாய் விட்டுக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவைதான் லைபோசக்ஷன். அதைச் செய்துகொண்டவர் உடம்பில் வெளியே தெரிவது அரை சென்டிமீட்டர் அளவுள்ள நாலைந்து தழும்புகள்தான். அதைப் பார்த்துப் பலரும் இதை அழகு நிலையத்தில் செய்துகொள்ளும் ஒரு வேலையாக நினைத்துவிடுகிறார்கள். 'காலையில் வந்தால் மாலையில் வீட்டுக்குப் போய்விடலாம்' என்ற விளம்பரமும் அந்த நினைப்பை வளர்க்கிறது. ஆனால் தோலுக்கு அடியில் நடந்திருப்பது வேறு. வயிறு, இடுப்பு, தொடை என்று கொழுப்பு எடுத்த இடம் முழுக்க உள்ளே புண்ணாகத்தான் இருக்கும். அதில் ரத்தமும் நிணநீரும் கசியும். மரத்துப்போகச் செலுத்திய மருந்து அங்கிருந்து பல மணி நேரம் ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். இந்த அறுவையின் மோசமான சிக்கல்களில் பல, ஆபரேஷன் மேஜையில் தலைகாட்டுவதில்லை. அன்றைக்கு இரவோ, அடுத்த சில நாட்களிலோதான் வருகின்றன. அப்போது நோயாளி வீட்டில் இருப்பார், பக்கத்தில் மருத்துவர் இருக்கமாட்டார். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் எல்லாவற்றுக்கும் மேலாகப் புரிந்துகொள்ளவேண்டியது இதுதான்.

முதலில் இது எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். கொழுப்பு எடுக்கவேண்டிய இடத்தில் லிட்டர் கணக்கில் ஒரு திரவத்தைச் செலுத்துவார்கள். சலைனில், மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்னும், ரத்தக் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலினும் கலந்த திரவம் அது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பகுதி உப்பி, தொட்டால் கெட்டியாக இருக்கும். அட்ரினலின் வேலை செய்ய ஆரம்பித்ததும் தோல் வெளிறிவிடும். அப்புறம் சின்னத் துளை வழியாக, சில மில்லிமீட்டர் தடிமனில் நுனி மழுங்கிய ஓர் உலோகக் குழாயை உள்ளே விடுவார்கள். அதுதான் கேனுலா. அதன் மறுமுனை உறிஞ்சும் இயந்திரத்தோடு இணைந்திருக்கும். மருத்துவர் ஒரு கையால் அதைத் திரும்பத் திரும்ப முன்னும் பின்னுமாக ஓட்டுவார். இன்னொரு உள்ளங்கையைத் தோல்மேல் விரித்து வைத்து, குழாயின் நுனி எங்கே போகிறது, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பார். நுனி அவர் கண்ணுக்குத் தெரியாது. கையின் உணர்வை நம்பித்தான் வேலை நடக்கிறது. உறிஞ்சி எடுத்தது ஒரு கண்ணாடி ஜாடியில் சேரும். மேலே மஞ்சளாகக் கொழுப்பு மிதக்கும், அடியில் இளஞ்சிவப்பாகத் திரவம் தங்கும். குழாயில் வருவது நல்ல சிவப்பாக மாற ஆரம்பித்தால், அந்த இடத்தில் ரத்தம் அதிகம் போகிறது, அங்கே நிறுத்தவேண்டும் என்று அர்த்தம்.

இந்த முறை இந்த நிலைக்கு வந்ததே பெரிய விலை கொடுத்துத்தான். 1920களில் பாரிஸில் சார்ல் துஜாரியே என்ற அறுவை மருத்துவர், ஒரு நடனப் பெண்ணின் காலிலிருந்து கொழுப்பைச் சுரண்டி எடுக்க முயன்றார். கருப்பையைச் சுரண்டப் பயன்படும் கருவியைத்தான் அதற்குக் கையில் எடுத்தார். ரத்தக் குழாய் சேதமாகி, கால் அழுகி, கடைசியில் காலையே வெட்டி எடுக்க நேர்ந்தது. இந்தத் துறை மறுபடி தலையெடுக்க ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆயின. 1970களின் நடுவில் ரோமில் அர்பாட் ஃபிஷர், ஜார்ஜோ ஃபிஷர் என்ற தந்தையும் மகனும் உறிஞ்சி எடுக்கும் கருவியை உருவாக்கினார்கள். 1977 வாக்கில் பாரிஸில் இவ் ஜெரார் இலூஸ், மழுங்கிய நுனியுள்ள கேனுலாவைக் கொண்டு இதைச் செய்யத் தொடங்கினார். ஆனாலும் ரத்தப்போக்கு பெரிய தலைவலியாகவே இருந்தது. திரவம் எதுவும் செலுத்தாமல் செய்த காலத்தில், உறிஞ்சி எடுத்ததில் 20 முதல் 45 சதவீதம் வரை ரத்தமாக இருந்தது. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த தோல் மருத்துவர் ஜெஃப்ரி க்ளைன், மேலே சொன்ன லிடோகெய்ன், அட்ரினலின் கரைசல் முறையை 1980களின் நடுவில் கொண்டுவந்த பிறகு அது ஒரு சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்கியது. இந்த அறுவையின் வரலாற்றில் பாதுகாப்புக்காக நடந்த மிகப் பெரிய மாற்றம் இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் ரத்தம் போவது குறைந்ததும் இன்னும் அதிகமாக எடுக்கலாம் என்ற துணிச்சல் வந்தது. அதோடு, அந்தக் கரைசலுக்கென்று சொந்தமாகச் சில ஆபத்துகளும் உண்டு.

இரவு பத்து மணிக்கு உச்சம் தொடும் மருந்து

அட்ரினலினோடு சேர்த்து ஊசியாகப் போடும்போது, லிடோகெய்னுக்கு வழக்கமான வரம்பு ஒரு கிலோ உடல் எடைக்கு சுமார் 7 மில்லிகிராம். லைபோசக்ஷனில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகிறது. மிகவும் நீர்த்த கரைசல், ரத்த ஓட்டம் குறைவான கொழுப்பு, சுருங்கிய ரத்தக் குழாய்கள் ஆகிய மூன்றும் சேர்ந்து மருந்து ரத்தத்தில் மெதுவாக ஏறவைக்கின்றன. அதனால் 1990இல் க்ளைன் கிலோவுக்கு 35 மில்லிகிராம் வரை போகலாம் என்றார். பின்னர் அமெரிக்கத் தோல் மருத்துவ அமைப்பின் வழிகாட்டுதல் 55 வரை அனுமதித்தது. கேட்டால் பயமாக இருக்கும். கணக்காகச் செய்தால் இது தாங்கக்கூடிய அளவுதான். ஆனால் கணக்காகச் செய்யவேண்டும்.

ஒரு லிட்டர் கரைசலில் பொதுவாக 500 முதல் 1,000 மில்லிகிராம் வரை லிடோகெய்ன் இருக்கும். 50 கிலோ எடையுள்ளவருக்கு 55 மில்லிகிராம் கணக்கில் பார்த்தால் மொத்த உச்ச வரம்பு 2,750 மில்லிகிராம். அடர்த்தியான கரைசலாக இருந்தால் மூன்றாவது லிட்டர் முடிவதற்குள்ளேயே அந்த வரம்பு வந்துவிடும். வயிறு, இடுப்பு, இரண்டு தொடை, கைகள் என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்துவிடுங்கள் என்று கேட்பவருக்கு மூன்று லிட்டர் எந்த மூலைக்கு? ஒல்லியானவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும் என்பது இதனால்தான்.

இனிமேல்தான் முக்கியமான சங்கதி. மருந்து மெதுவாக ஏறுவதால், ரத்தத்தில் அதன் அளவு உச்சத்துக்குப் போவது அறுவைக்குச் சுமார் 12 மணி நேரம் கழித்து. காலை பத்து மணிக்கு மருந்து செலுத்தினால் இரவு பத்து மணிவாக்கில். அதற்குள் பலர் வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பார்கள். முதல் அறிகுறிகள் சாதாரணமாக இருக்கும்: உதட்டைச் சுற்றி மரத்துப்போவது, வாயில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், படபடப்பு, நாக் குழறல். வலி மாத்திரை போட்டவர் கொஞ்சம் குழறிப் பேசினால், மாத்திரையின் மயக்கம் என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். அளவு இன்னும் ஏறினால் வலிப்பு வரலாம், இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றே போகலாம். ரத்த நாளத்தில் செலுத்தும் 20 சதவீதக் கொழுப்புக் குழம்புதான் இந்த நச்சுத்தன்மைக்குத் தரும் முக்கியமான மாற்று மருந்து. லிடோகெய்னை இவ்வளவு பயன்படுத்தும் இடத்தில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும்.

லிடோகெய்னை உடைப்பது கல்லீரல். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள், பூஞ்சைத் தொற்றுக்கான கீட்டோகோனசோல் முதலியவை அந்த வேலையைத் தாமதப்படுத்தும். அப்போது பாதுகாப்பான அளவே நச்சளவாகிவிடலாம். மருத்துவரிடம் மருந்துப் பட்டியலைக் கொடுக்கும்போது 'இது சும்மா தொண்டை வலிக்கு' என்று எதையும் விட்டுவிடக் கூடாது.

திரவத்தின் அளவும் இதே போலத்தான். செலுத்தியதில் பெரும்பகுதி உறிஞ்சும்போது வெளியே வந்துவிடாது. உள்ளேயே தங்கி, பல மணி நேரத்தில் ரத்தத்தில் சேரும். இதைக் கணக்கில் எடுக்காமல் கையிலும் தாராளமாக சலைன் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். நேர்மாறாக, நிறையக் கொழுப்பை எடுத்துவிட்டு ஈடுகட்டாமல் விட்டால், உள்காயத்தில் திரவம் தேங்கி ரத்த அழுத்தம் விழும். மொத்தமாக ஐந்து லிட்டருக்கு மேல் உறிஞ்சினால் அதைப் பேரளவு லைபோசக்ஷன் என்று அமெரிக்கப் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்கள் சங்கம் வகைப்படுத்துகிறது. அப்படி எடுத்தவர்களை, சிறுநீர் அளவையும் ரத்த அழுத்தத்தையும் கவனித்தபடி ஓர் இரவாவது கண்காணிப்பில் வைக்கவேண்டும் என்பதற்குக் காரணம் இந்தத் திரவக் கணக்குதான். 'இன்னும் ஒரு லிட்டர் எடுத்துவிடுங்கள் டாக்டர்' என்று நோயாளியே கேட்பது இதையெல்லாம் அறியாததால்தான்.

உயிரைப் பறிப்பவை

அமெரிக்காவில் 1994 முதல் 1998 வரை நடந்த லைபோசக்ஷன்களைப் பற்றி அழகியல் அறுவை மருத்துவர்களிடம் கேட்டுத் தொகுத்த ஆய்வு 2000இல் வெளியானது. 4,96,245 அறுவைகளில் 95 மரணங்கள். ஏறக்குறைய ஐயாயிரத்தில் ஒன்று. இதை எப்படிப் பார்ப்பது? உயிர் காக்கும் ஆபரேஷனுக்கு இது சின்ன எண். ஆரோக்கியமாக நடந்து வந்து படுத்த ஒருவருக்கு, கட்டாயமில்லாத ஓர் அறுவைக்கு, இது சின்ன எண் இல்லை. இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். தோல் மருத்துவர்களிடம் எடுத்து 2002இல் வெளிவந்த இன்னொரு கணக்கெடுப்பில் 66,570 அறுவைகளில் ஒரு மரணமும் இல்லை. இவர்கள் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுக்காமல், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, குறைந்த அளவே எடுப்பவர்கள். இரண்டுமே மருத்துவர்கள் தாங்களாகச் சொன்ன கணக்குகள் என்பதால் அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் எவ்வளவு எடுக்கிறார்கள், எந்த மயக்கத்தில் எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஆபத்து மாறுகிறது என்பது தெளிவு.

அந்த 95 மரணங்களில் முதலிடம், ஏறக்குறைய கால் பங்கு, நுரையீரல் ரத்தக் குழாயில் போய் அடைத்த ரத்தக் கட்டிகளுக்கு. அறுவையால் ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. வலியால் நடமாட்டம் குறைகிறது. அறுவைக்குப் பின் போட்டுவிடும் இறுக்கமான அழுத்த ஆடை தொடை இடுக்கில் மடிந்து, ரத்தம் திரும்பும் சிரையை அழுத்தலாம். காலில் உருவான கட்டி அங்கிருந்து கிளம்பி நுரையீரலை அடைக்கிறது. அறுவை முடிந்து ஒன்றிரண்டு வாரம் கழித்தும் இது நடக்கலாம். வயிற்றுத் தோலை வெட்டித் தைக்கும் அறுவையையும் சேர்த்தே செய்துகொண்டால் ஆபத்து கூடும். கருத்தடை மாத்திரை, புகைப்பழக்கம், உடல் பருமன், குடும்பத்தில் ரத்த உறைவு, அறுவை முடிந்த கையோடு நீண்ட விமானப் பயணம் எல்லாம் இன்னும் கூட்டும்.

அடுத்த இடம், வயிற்றுச் சுவரைத் தாண்டி கேனுலா உள்ளே போவது. நுனி கண்ணுக்குத் தெரியாது என்று மேலே சொன்னேனே, அதன் விளைவு இது. நைஜீரிய அதிபராக இருந்த ஒலுசெகுன் ஒபசாஞ்சோவின் மனைவி ஸ்டெல்லா, 2005இல் ஸ்பெயினில் இந்த அறுவைக்குப் பின் இறந்தார். குழாய் வயிற்றுக்குள் போய் பெருங்குடலையும் கல்லீரலையும் காயப்படுத்தியிருந்தது. அந்த மருத்துவருக்கு 2009இல் ஸ்பெயின் நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது. முன்பே வயிற்றில் அறுவை நடந்த தழும்பு இருந்தாலோ, குடலிறக்கம் (ஹெர்னியா) இருந்தாலோ இந்த ஆபத்து அதிகம். தொப்பைக் கொழுப்புக்குள் மறைந்திருக்கும் சின்னக் குடலிறக்கம் கைக்கே தட்டுப்படாமல் போகலாம். சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது. குடல் ஓட்டையானவருக்கு அன்றைக்கே தெரிந்துவிடும் என்று நினைக்கவேண்டாம். வலி எப்படியும் இருக்கும் என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். அதனால் அவரும் பொறுத்துக்கொள்வார். வயிறு உப்பி, விறைத்து, காய்ச்சலும் வாந்தியும் வரும்போது ஒன்றிரண்டு நாள் ஓடியிருக்கும்.

கொழுப்பே ரத்தத்தில் கலப்பதும் உண்டு. உடைந்த கொழுப்புத் துளிகள் நுரையீரலுக்கும் மூளைக்கும் போனால் மூச்சுத் திணறல், குழப்பம், மார்பிலும் அக்குளிலும் சின்னச் சிவப்புப் புள்ளிகள் தோன்றலாம். பெரும்பாலும் முதல் மூன்று நாட்களுக்குள். எடுத்த கொழுப்பைப் பிட்டத்தில் செலுத்தும் 'பிரேசிலியன் பட் லிஃப்ட்' அறுவையில் இது தனி அபாயம். பிட்டத் தசைக்குள் பெரிய சிரைகள் ஓடுகின்றன. ஊசி நுனி தசைக்குள் போய் அவற்றைக் கிழித்தால் கொழுப்பு மொத்தமாக இதயத்துக்கும் நுரையீரலுக்கும் போய்விடும், சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். 2017இல் ஒரு நிபுணர் குழு இதன் மரண விகிதத்தை மூவாயிரத்தில் ஒன்று வரை இருக்கலாம் என்று கணித்தது. தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு அடுக்கில் மட்டுமே செலுத்தவேண்டும், தசையைத் தொடவே கூடாது என்ற விதி அதன் பிறகே உறுதியானது. ஃபுளோரிடா மாநிலம் 2022இல் ஒரு மருத்துவர் ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் செய்யக் கூடாது என்றும், ஊசி போகும் ஆழத்தை அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே செலுத்தவேண்டும் என்றும் அவசர விதி போட்டது. களைத்த கை எங்கே போகும் என்று சொல்ல முடியாது என்பதால் வந்த விதி.

மலிவு விலைக்காக வெளிநாடு போய்ச் செய்துகொள்வது இத்தனை ஆபத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டுகிறது. ஒரே பயணத்தில் பல அறுவைகள், சீக்கிரமே திரும்பும் விமானம், ஊர் திரும்பியபின் கூப்பிட ஆள் இல்லாமை. டொமினிக்கன் குடியரசில் அழகு அறுவை செய்துகொண்ட அமெரிக்கர்களில் 2009 முதல் 2022 வரை 93 பேர் இறந்ததாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்கிட்டது. விவரமாக ஆராய்ந்தவற்றில் பெரும்பாலானவை கொழுப்பு அடைப்பாலோ ரத்தக் கட்டியாலோ நேர்ந்தவை. ஏறக்குறைய எல்லோருக்கும் லைபோசக்ஷனோடு வேறு அறுவையும் சேர்ந்து நடந்திருந்தது.

தொற்று அபூர்வம், ஆனால் வந்தால் வேகம் பயங்கரமாக இருக்கும். ஜெர்மனியில் 1998 முதல் 2002 வரை தொகுத்த கடுமையான சிக்கல்கள் 72. அதில் 23 பேர் இறந்தார்கள். திசுக்களைத் தின்னும் பாக்டீரியத் தொற்று அங்கே முக்கியமான காரணங்களில் ஒன்று. தோலில் பெரிதாக எதுவும் தெரியாது, ஆனால் வலி தாங்க முடியாததாக இருக்கும் என்பதுதான் அதன் அடையாளம். இதற்கு நேர்மாறான இன்னொரு வகையும் உண்டு. சரியாகச் சுத்தம் செய்யாத கருவி வழியாக வரும், காசநோய்க் கிருமியின் தூரத்து உறவான மைக்கோபாக்டீரியம் அப்செசஸ். வாரக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு, ஆறிய தழும்புக்குப் பக்கத்தில் கட்டிகளாகக் கிளம்பும். சாதாரண ஆன்டிபயாட்டிக்குக்கு மசியாது. மாதக்கணக்கில் பல மருந்துகளைச் சேர்த்துச் சாப்பிடவேண்டும்.

உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் கூடவே இருக்கும்

அடிக்கடி வரும் குறை மேடு பள்ளம். ஒரே இடத்தில் அதிகம் எடுத்தாலோ, தோலுக்கு மிக அருகில் எடுத்தாலோ பள்ளம் விழும். அதைச் சரிசெய்வது முதல் அறுவையைவிடக் கடினம். தோலுக்குச் சுருங்கும் சக்தி இல்லையென்றால் கொழுப்பு போனபின் தோல் தொங்கும். உள்ளே நீர் கட்டினால் ஊசியால் பலமுறை எடுக்கவேண்டிவரும். சில இடங்கள் மாதக்கணக்கில் மரத்திருக்கும், சிலருக்குத் தோல் கறுத்துப்போகும். லேசர், அல்ட்ராசவுண்ட் கருவிகளைச் சேர்த்துச் செய்வதில் தீக்காயமும் வரலாம். புதிய கருவி என்பதாலேயே பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கத்தியே வேண்டாம் என்று கொழுப்பை உறையவைக்கும் முறைக்குப் போகிறவர்களும் உண்டு. அதில் அபூர்வமாக, கரையவேண்டிய கொழுப்பு அதே இடத்தில் வளர்ந்து கெட்டியாகிவிடுகிறது. 2014இல் மருத்துவ இதழில் முதலில் பதிவான இந்தச் சிக்கலை, 2021இல் மாடல் லிண்டா எவஞ்சலிஸ்டா தனக்கும் நேர்ந்ததாக வெளியில் சொன்னபின் உலகமே கேள்விப்பட்டது. அதைச் சரிசெய்யப் பெரும்பாலும் லைபோசக்ஷன்தான் தேவைப்படுகிறது.

இத்தனையையும் தாங்கிக்கொண்டு என்ன கிடைக்கிறது? உருவம் மாறும், அது உண்மை. உடல்நலம் மாறும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். 2004இல் வெளியான ஓர் ஆய்வில், உடல் பருமனுள்ள 15 பெண்களிடமிருந்து ஒன்பது பத்துக் கிலோ கொழுப்பை எடுத்தார்கள். சில வாரங்கள் கழித்துப் பார்த்தால் இன்சுலின் செயல்பாடு, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் எதிலும் முன்னேற்றம் இல்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2011இல் வெளிவந்த ஆய்வில், ஒரே வருடத்தில் எடுத்த கொழுப்பின் அளவு உடம்புக்குத் திரும்பிவிட்டது. தொடையில் எடுத்தது தொடைக்குத் திரும்பவில்லை, வயிற்றில் போய்ச் சேர்ந்தது. எடை குறைக்க நினைப்பவருக்கு இது வழியே இல்லை. எடை ஒரு நிலையில் நின்று, உணவுக்கும் உடற்பயிற்சிக்கும் மசியாத ஓரிரு இடங்கள் மட்டும் இருப்பவருக்குத்தான் இது பொருந்தும். தன் உடம்பில் இல்லாத குறையை இருப்பதாக நினைத்து வதைபடும் மனநிலை உள்ளவருக்கு எவ்வளவு நன்றாகச் செய்தாலும் திருப்தி வராது. அவரைத் திருப்பி அனுப்புகிற மருத்துவர்தான் நல்ல மருத்துவர்.

சரி, செய்துகொள்வது என்று முடிவே எடுத்துவிட்டால் என்ன கேட்பது? செய்பவர் எதில் பயிற்சி பெற்றவர், மயக்க மருந்து கொடுப்பது தனியாக ஒரு மருத்துவரா, மொத்தம் எவ்வளவு எடுக்கப் போகிறார்கள், என் எடைக்கு லிடோகெய்ன் வரம்பு எவ்வளவு, இரவு என்னைப் பார்த்துக்கொள்வது யார், சிக்கல் வந்தால் எந்தப் பெரிய மருத்துவமனைக்கு மாற்றுவார்கள். இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படும் இடத்தில் படுக்கக் கூடாது. புகைப்பவர் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்தவேண்டும். ஆஸ்பிரின் போன்ற ரத்தத்தை இளக்கும் மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் தொடரவும் கூடாது, தானாக நிறுத்தவும் கூடாது.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாளில் அறுவை முடிந்த நேரம், எந்தெந்த இடம், எவ்வளவு எடுத்தார்கள், லிடோகெய்ன் மொத்த அளவு, இரவில் கூப்பிட ஓர் எண் எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் இரவு பெரியவர் ஒருவர் விழித்துப் பக்கத்தில் இருக்கவேண்டும். மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், பேச்சில் குழப்பம், நேரமாக ஆகக் கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, சிறுநீர் குறைவது, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அவசரப் பிரிவுக்குப் போனதும், லைபோசக்ஷன் செய்து இத்தனை மணி நேரமாகிறது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். கூச்சப்பட்டு மறைத்தால் அங்கிருப்பவர்கள் மாரடைப்பையோ வாயுக் கோளாறையோ தேடிக்கொண்டிருப்பார்கள், அந்தத் தாளைக் கையில் கொடுத்தால் எங்கே பார்க்கவேண்டும் என்று அவர்களுக்கு உடனே தெரியும்.